அடுத்தவங்க பேரைச் சொல்லி ஜெபியுங்க

(ஸ்ரீவில்லிபுத்தூரில் அறுப்பின் பண்டிகை மாலை ஆராதனையில் கொடுத்த செய்தி. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது.)

எல்லாரும் சாப்பிட்டாச்சா? கேட்க வேண்டியதே இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியுது. மத்தியானம் அசனம், சாயங்காலம் பிரசங்கம். இந்த நேரத்தை யார் குறிச்சாங்களோ! ஐத்திகுவைத் தெரியும்தானே? அப்போஸ்தலர் 20. பவுல் பிரசங்கம் பண்ணப் பண்ண ஜன்னல்ல உட்கார்ந்து தூங்கி, மூணாம் மாடியிலிருந்து விழுந்தவன். நம்ம கோயில்ல மாடி கிடையாது. அதனால தைரியமாத் தூங்கலாம்னு பின்னாடி ரெண்டு தம்பிமார் முடிவு பண்ணியாச்சு. (சிரிப்பு) தூங்குங்கப்பா. ஆனா ஆசீர்வாதம் சொல்லும்போது முழிச்சிடுங்க.

அதைத்தான் முதல்ல பேசணும். காலை ஆராதனை முடியுற நேரம். கடைசிப் பாட்டு மூணாவது சரணம் வந்தாச்சு. ஐயர் ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கப் போறார். பார்க்கிறேன், கடைசி நாலு பெஞ்சு காலி. எங்கேன்னு பார்த்தா, வாசல்ல செருப்பு தேடிக்கிட்டு இருக்காங்க. காணிக்கைக் காய்கறி ஏலம் ஆரம்பிச்சிடுமாம், முன்னாடி இடம் வேணுமாம். ஒரு சுரைக்காய்க்காகவா ஆசீர்வாதத்தை விட்டுட்டுப் போறீங்க? ஏசாவாவது கூழுக்கு வித்தான், அவனுக்குப் பசி. உங்களுக்கு என்ன வந்தது?

கோபப்படாதீங்க. உரிமையோடதான் சொல்றேன்.

எண்ணாகமம் 6. ஆரோனும் அவன் பிள்ளைகளும் ஜனங்களை எப்படி ஆசீர்வதிக்கணும்னு கர்த்தரே சொல்லிக் கொடுக்கிறார். காக்கிறதும் அவர், முகத்தைத் திருப்பிப் பார்க்கிறதும் அவர், சமாதானம் கொடுக்கிறதும் அவர். ஐயர் கை வெறும் கைதான். நாமத்தை வைக்கிறது அவர். அப்புறம் லூக்கா 24, கடைசி. பெத்தானியா வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போறார். கையை உயர்த்துறார். ஆசீர்வதிச்சு முடிச்சிட்டா மேலே போனார்? நல்லா வாசிங்க. ஆசீர்வதிச்சுக்கிட்டு இருக்கும்போதே போனார். அந்தக் கை இறங்கினதா எங்கேயும் எழுதலை. ஆமென் சொல்லுங்க. (ஆமென்) இது சாப்பிட்ட ஆமென் மாதிரி இல்லையே! (ஆமென்!)

சரி, செருப்பு தேடப் போகாம உள்ளே நின்னவங்க கதைக்கு வருவோம். நீங்க ரொம்ப ஒழுங்குன்னு நினைக்க வேண்டாம். தலை குனிஞ்சீங்க, ஆசீர்வாதத்தை வாங்கினீங்க. வாங்கி என்ன பண்ணினீங்க? வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திட்டீங்க. உங்களை ஏன் ஆசீர்வதிக்கிறார்? ஆதியாகமம் 12. ஆபிரகாமுக்கு என்ன சொன்னார்? உன்னை ஆசீர்வதிப்பேன்னு சொல்லிட்டு நிறுத்தினாரா? அடுத்தது என்ன? (சபையில் சிலர் சொல்கிறார்கள்) ஆங், அதுதான், நீ ஆசீர்வாதமா இருப்பேன்னு. பூமியில் இருக்கிற வம்சமெல்லாம் வருது அந்த வசனத்துல. நாம முதல் பாதியை மட்டும் வாக்குத்தத்த அட்டையில் அச்சடிச்சு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கோம்.

நேத்து ராத்திரி உங்க ஜெப விண்ணப்பப் பெட்டியைத் திறந்து வாசிச்சேன். யார் பேரையும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. மகனுக்கு விசா. மகளுக்கு வரன். மூட்டு வலி. வீட்டுக் கடன். பிளஸ் டூ மார்க். ஒருத்தர் எத்தனை மார்க் வேணும்னே எழுதியிருக்கார், கர்த்தருக்கு வேலை மிச்சம். இதெல்லாம் கேட்கக் கூடாதுன்னு சொல்லலை. கேளுங்க, அப்பாகிட்டதானே கேட்கிறீங்க. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் பேர் ஒரு சீட்டுல கூட இல்லை. சென்னையில் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகும்போது பால்கோவா டப்பா வாங்காம பஸ் ஏறுவீங்களா? மாட்டீங்க. அந்தச் சொந்தக்காரருக்காக முழங்கால் போட்டது எப்போ?

யோபு 42, பத்தாம் வசனம். இதை அடிக்கோடு போட்டு வச்சுக்குங்க. யோபுவோட சிறையிருப்பு எப்போ மாறினது? தனக்காக அழுதப்பவா? நாற்பது அதிகாரம் அழுதாரே! மாறினது தன் சிநேகிதருக்காக வேண்டுதல் செஞ்சப்போ. எந்தச் சிநேகிதர்? எலிப்பாஸ், பில்தாத், சோப்பார். புண்ணுல உப்பைத் தேய்ச்ச ஆளுங்க. ஓட்டைத் தூக்கிச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தவர்கிட்ட, நீ ஏதோ பாவம் பண்ணியிருப்பேன்னு சொன்னவங்க. அவங்களுக்காக ஜெபம் பண்ணு, அப்புறம் பேசலாம்னு கர்த்தர் சொல்றார். உங்களுக்கும் ஒரு எலிப்பாஸ் இருப்பார். இந்தச் சபையிலேயே இருப்பார். இப்போ திரும்பிப் பார்க்காதீங்க! (சிரிப்பு)

இப்போ ஒரு சங்கதி சொல்றேன். இது பைபிள்ல இல்லை, உங்க ஊர்ல நடந்தது. இந்த ஊருக்கு சுவிசேஷம் எப்படி வந்தது? சின்னப் பிள்ளைங்களைக் கேட்டா, வெள்ளைக்காரத் துரை கொண்டுவந்தார்னு சொல்லும். பாதி சரி.

தாமஸ் ராக்லண்ட். கேம்பிரிட்ஜ்ல படிச்சவர். 1841-ல் கணக்குத் தேர்வுல நாலாவது ரேங்க். மார்க் கேட்டுச் சீட்டு எழுதினவங்க கவனிங்க, நாலாவது ரேங்க் எடுத்த பையன் எங்கே போய் உட்கார்ந்தான்னு பாருங்க. சென்னையில் சி.எம்.எஸ். மிஷனெரி சங்கத்துல காரியதரிசி வேலை. நாற்காலி, மேசை, கௌரவம் எல்லாம் இருந்தது. அதை விட்டுட்டு 1854-ல் வட திருநெல்வேலிக்கு வந்தார். வட திருநெல்வேலின்னா நாமதான். அன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் எல்லாம் திருநெல்வேலி ஜில்லா. 1910-ல்தான் ராமநாதபுரத்தோட சேர்த்தாங்க, 1985-ல் அதையும் பிரிச்சாங்க. அவரோட ஃபென், மெடோஸ்னு ரெண்டு வாலிபர். பங்களா கட்டலை. கூடாரம் அடிச்சாங்க. காலையும் சாயங்காலமும் சுத்தி இருக்கிற கிராமத்துக்கு நடப்பாங்க. முடிஞ்சதும் கூடாரத்தைச் சுருட்டி அடுத்த ஊர். சித்திரை வெயில்ல, மதியம் ரெண்டு மணிக்கு, கரிசல் காட்டு நடுவுல துணிக் கூடாரத்துக்குள்ள உட்கார்ந்து பாருங்க. ஃபேன் சத்தம் போடுதுன்னு ஐயர்கிட்டப் புகார் பண்ணினீங்களே!

அவருக்கு நுரையீரல்ல வியாதி. சிகிச்சைக்குச் சீமைக்குத் திரும்பியிருக்கலாம். போகலை. 1858 அக்டோபர் 22, சிவகாசியில் ரத்தம் கக்கி இறந்தார். வயசு 43. யோவான் 12, இருபத்துநாலாம் வசனம், நிலத்துல விழுந்து சாகிற கோதுமை மணி. ஊழியத்துக்கு அதைவிட நிச்சயமான திட்டம் வேறே இல்லைங்கிறது அவர் கருத்து. அவர் கண்ணால பார்த்த அறுப்பு ரொம்பக் கொஞ்சம். நாலு வருஷக் கூடாரத்துக்கு, மேலே எழுதி அனுப்புற மாதிரி பெரிய கணக்கு எதுவும் இல்லை. டோனாவூர் ஏமி அம்மையார் பிற்காலத்துல அவர் வரலாற்றைப் புத்தகமா எழுதினாங்க. அதனால துரை பேர் நமக்குத் தெரியுது.

நான் சொல்ல வந்தது துரையைப் பத்தி இல்லை. மீதிப் பாதி இருக்கே, அது. அந்தக் கூடாரத்துல இன்னும் சிலர் இருந்தாங்க. தெற்கே இருந்து வந்த உபதேசிமார். தெற்குச் சபைகள் முறை வச்சு அனுப்பினாங்க. ஒரு மாசம் சிலர் வருவாங்க, அவங்க திரும்பினதும் வேற சிலர். அவங்க சம்பளத்தை யார் கொடுத்தது? லண்டனா? இல்லை. தெற்கத்தித் தேரிக்காட்டுச் சபைகள். பனையேறிக் குடும்பங்கள். விடியுறதுக்கு முன்னாடி மரம் ஏறி, நெஞ்சு தோல் உரிஞ்சு, பதநீர் இறக்கி, அந்த அம்மாமார் அடுப்பு முன்னாடி வெந்து கருப்பட்டி காய்ச்சி, அதை வித்த காசு. அந்தக் காசுல ஒரு பங்கு எங்கே போனது? பேர் தெரியாத வடக்கத்தி ஊருக்கு. அவங்க ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்திருப்பாங்களா? இந்தக் கோபுரத்தைப் பார்த்திருப்பாங்களா? காசு கொடுத்தாங்க, ஆளைக் கொடுத்தாங்க, வழி தெரியாத ஊருக்குப் போன அந்த உபதேசிக்காக வீட்டுல விளக்கு வச்சு ஜெபம் பண்ணினாங்க. அவங்களே ஒரு தலைமுறை, ரெண்டு தலைமுறைக்கு முன்னாடிதான் விசுவாசத்துக்கு வந்தவங்க. எல்லாம் நிறைஞ்ச பிறகு கொடுக்கலாம்னு உட்காரலை.

துரை பேர் தெரியும். அந்தப் பனையேறி பேர் உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. நீங்க இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறது அவர் ஜெபத்துனால. திரும்பச் சொல்றேன், அவர் ஜெபத்துனால. இன்னைக்கு நீங்க யார் பேரைச் சொல்லி ஜெபிக்கிறீங்க?

அதே ஜனங்கதான் 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் கூடி இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பிச்சாங்க. அதுல முன்னாடி நின்ன வெள்ளாளன்விளை அசரியாவுக்கு அப்போ 30 வயசு கூட ஆகலை. தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினாங்க. தெலுங்கு தெரியுமா? தெரியாது, போய்க் கத்துக்கிட்டாங்க. இங்கே இருக்கிற ராஜபாளையத்துல பாதித் தெருவுல தெலுங்கு கேட்குது, நமக்கு ஒரு வார்த்தை வராது. 'ரண்டி'ன்னு கூப்பிடவாவது கத்துக்குங்கப்பா! அந்த மாதிரி ஊழியத்துக்குன்னு நம்ம வீடுகள்ல, உலை வைக்கும்போது குடும்பத்துக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாங்க, பிடி அரிசி. எங்க அம்மா போடும்போது உதடு அசையும். என்னம்மா முணுமுணுக்கிறேன்னு கேட்டா, போடா, உன்கிட்ட இல்லைன்னுவாங்க. அரிசியோட ஒரு பேரும் அந்தப் பானைக்குள்ள போகும். இப்போ எத்தனை வீட்டுல அந்தப் பானை இருக்கு? கை தூக்க வேண்டாம், வெட்கப்பட வைக்கிறது என் நோக்கம் இல்லை. கொஞ்சம் வெட்கப்பட்டாலும் தப்பில்லை.

ஐயா, முகம் தெரியாத ஆளுக்கு எப்படி உருகி ஜெபிக்கிறதுன்னு ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. சத்திரப்பட்டிக்காரங்க யாராவது வந்திருக்கீங்களா? வாங்கம்மா. நீங்க தறியில் என்ன ஓட்டுறீங்க? (பேண்டேஜ் துணி, ஐயா) பேண்டேஜ் துணி. அது எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும், எந்தக் காயத்துல சுத்துவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. தெரியாததுனால இழை விட்டுப்போனா பரவாயில்லைன்னு விடுவீங்களா? மாட்டீங்க. முகம் தெரியாதவங்களுக்கு ஜெபிக்கிறதும் அப்படித்தான். தம்பி, உனக்குப் பதில் கிடைச்சதா? அந்த அம்மாவைப் போய்ப் பார், நான் சொல்றதைவிட நல்லாச் சொல்லுவாங்க.

இன்னொன்னு. நம்மகிட்ட என்ன இருக்கு அடுத்தவங்களை ஆசீர்வதிக்கன்னு ஒரு தாழ்மை. அது தாழ்மை இல்லை, சோம்பல். ஆதியாகமம் 47. யாக்கோபு எகிப்துக்கு எதுக்கு வந்தார்? பஞ்சம், சாப்பாட்டுக்கு வந்தார். நொண்டி, கிழவர், 130 வயசு, அகதி. எதிரே பார்வோன், உலகத்துலேயே பெரிய ராஜா. யார் யாரை ஆசீர்வதிச்சது? யாக்கோபு பார்வோனை ஆசீர்வதிச்சார், அதுவும் ரெண்டு தடவை, வரும்போதும் போகும்போதும். கையேந்த வந்த கிழவன் கையை உயர்த்துறான்! ரேஷன் கடை வரிசையில் நிக்கும்போது இதை நினைச்சுக்குங்க. உள்ளே எடை போடுற தம்பிக்கு உங்க ஆசீர்வாதம் தேவைப்படுது. எடை குறைச்சலாப் போட்டாலும் தேவைப்படுது. இன்னும் அதிகமாவே தேவைப்படுது. (சிரிப்பு)

எரேமியா 29. பாபிலோனுக்குச் சிறையாப் போனவங்களுக்கு எழுதின கடுதாசி. அந்தப் பட்டணத்தைச் சபிக்கச் சொல்லலை, அதன் சமாதானத்தைத் தேடி அதுக்காக ஜெபம் பண்ணச் சொன்னார். அது அந்நிய ஊர். இது நம்ம சொந்த ஊர்! ஆடிப்பூரத்துக்கு இந்த ஊர்ல எத்தனை ஆயிரம் பேர் தேர்வடம் பிடிக்கிறாங்க? பட்டாசு ஆலைக்கு விடிகாலையில் பஸ் ஏறிப் போறவங்க எத்தனை பேர், அதுல சாயங்காலம் திரும்பி வரணுமேன்னு வீட்டுல பதறிக்கிட்டு இருக்கிறவங்க எத்தனை பேர்? மில்லுல ராத்திரி ஷிப்டுக்கு நிக்கிற பிள்ளைங்க? அவங்க நம்ம கோயிலுக்கு வருவாங்களா வரமாட்டாங்களாங்கிற கணக்கே வேண்டாம். உங்களுக்கு ஜுரம்னா ரசம் வச்சுக் கொடுத்து விடுறாங்களே பக்கத்து வீட்டு அக்கா, அவங்க என்ன சாமி கும்பிடுறாங்கன்னு பார்த்துட்டா குடிச்சீங்க?

நம்ம சபையில் ஒரு ஆச்சி. பேர் சொன்னா அடிக்க வருவாங்க. அவங்க பைபிளுக்குள்ள நாற்பது பக்கக் கோடு போடாத நோட்டு ஒன்னு. ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். பென்சில்ல பேர் பேரா எழுதியிருக்கு. பேர் தெரியாதவங்களுக்கு அடையாளம் மட்டும்: தபால்காரத் தம்பி. மதுரை பஸ் கண்டக்டர், கண்ணாடி போட்டவர். தண்ணீர்த் தொட்டி திறந்துவிடுற ஆள். சில பேர் பக்கத்துல ஒரு சின்ன சிலுவை. இறந்துட்டாங்களான்னு கேட்டேன். இல்லை ஐயா, இவங்க என்னைத் திட்டினவங்க, இவங்களுக்கு ரெண்டு தடவைன்னாங்க. யோபு 42-ஐ நான் பிரசங்கம் பண்றேன், அந்த ஆச்சி நோட்டுல எழுதி வச்சிருக்காங்க. என் பேரைத் தேடினேன். இருந்தது. பக்கத்துல சிலுவையும் இருந்தது. எப்போ திட்டினேன்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரலை. (பலத்த சிரிப்பு)

மணி ஆகுது, ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு வார்த்தை, 1 சாமுவேல் 12. எங்களுக்கு ராஜா வேணும்னு கேட்டு சாமுவேலை ஒதுக்கினாங்க ஜனங்க. அந்த மனுஷன் என்ன சொல்றார்? உங்களுக்காக ஜெபம் பண்ணாம இருந்தா அது கர்த்தருக்கு விரோதமான பாவம்னு சொல்றார். கடமைல தவறினதுன்னு சொல்லலை, பாவம்னு சொல்றார். தெற்குச் சபைகள் அந்தப் பாவத்தைச் செஞ்சிருந்தா இன்னைக்கு நமக்கு இங்கே என்ன வேலை? சொல்லுங்க பார்ப்போம்.

சரி, எழுந்து நில்லுங்க. கொயர், கொஞ்சம் பொறுங்கப்பா, பாட்டு அப்புறம். உங்க வீட்டு ஆளுங்க பக்கத்துல நிக்கிறவங்க நாலு பெஞ்சு தள்ளிப் போங்க. தெரியாத ஒருத்தர்கிட்டப் போய்ப் பேரைக் கேளுங்க. முழுப் பேரையும் கேளுங்க. என்ன பாரம்னு கேளுங்க. சொன்னா கேட்டுக்குங்க, சொல்லலைன்னா நோண்டாதீங்க. பின்னாடி தம்பிமாரே, நீங்களும்தான், வெளியே கதவு பக்கம் போகாம முன்னாடி வாங்க. அஞ்சு நிமிஷம் அவங்க பேரை மட்டும் சொல்லி ஜெபம். உங்க சொந்த விண்ணப்பம் நடுவுல வரக் கூடாது, விசா அங்கேயே இருக்கட்டும். அந்த ஏலம் எடுத்த அண்ணாச்சி, பூசணிக்காயைக் கீழே வச்சுட்டு வாங்க. ஆரம்பிங்க.