குறியெதிர்ப்பையும் வாக்கும்: உள்ளாட்சியில் தேர்தல் பணம் – ஓர் அறவியல் நோக்கு

தேர்தலில் பணம் பெற்று வாக்களித்தல் குற்றம் என்பது சட்டத்தின் முடிவு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171பி பிரிவும், 2024 சூலை முதல் அதனிடத்தைப் பெற்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவும் கொடுப்பவர், பெறுபவர் இருவரையும் ஒருங்கே குற்றமுடையோராகக் கொள்கின்றன. சட்டம் முடித்துவிட்ட இவ்விடத்தில்தான் அறவியல் வினா தொடங்குகின்றது. பணத்தைப் பெற்றுக்கொண்ட ஒருவர் வாக்குச்சாவடியின் மறைப்புக்குப் பின்னே நிற்கும்போது, கொடுத்தவருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கின்றாரா? 'கைநீட்டி வாங்கிவிட்டோம், மாற்றிப் போடுவது முறையா?' என்று ஊர்ப்புறத்து முதியோர் கேட்பது இவ்வினாவையே. இதனை அறியாமை என்று தள்ளுவோர் உளர். அவ்வாறு தள்ளுதல் பொருந்தாது என்பதும், உள்ளாட்சியில் பணம் செய்யும் வேலையை அறிவதற்கு இவ்வினாவே வாயில் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதனை ஆராய்வதற்குரிய களமாகப் பெங்களூருவின் எலெக்ட்ரானிக் சிட்டி இங்குக் கொள்ளப்படுகின்றது. ஓசூர் நெடுஞ்சாலையில், தமிழக எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளிக்கு முன்னே அமைந்தது இந்நகர். கியோனிக்ஸ் என்னும் கருநாடக அரசு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆர்.கே.பாலிகாவின் எண்ணத்தில் உருவாகி, 1970களின் பிற்பகுதியில் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் 332 ஏக்கர் பரப்பில் எழுந்தது. 2013இல் அரசு இதனைத் தொழில் நகரியமாக்கி, எல்சிட்டா எனப்படும் ஆணையத்தை நிறுவியது. தொழில் நிறுவனமே நகராட்சிப் பணிகளை வழங்கும் இடத்தில் நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243கியூ உறுப்பில் ஒரு விதிவிலக்கு உண்டு. அவ்விலக்கின் வழிப் பிறந்தவை இத்தகைய நகரியங்கள். சாலை, விளக்கு, வடிகால், சொத்துவரி ஆகியவற்றைக் கையாளும் இவ்வாணையத்திற்கு மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வார்டு உறுப்பினர் இல்லை. தேர்தல் இல்லாமையால் தேர்தல் பணமும் இல்லை. நகரியத்தின் எல்லைக்கு வெளியே உள்ள குடியிருப்புகளோ வேறு உள்ளாட்சி அமைப்புகளைச் சார்ந்தவை.

எண்ணிப் பார்ப்பதற்காக ஒரு தொழிலாளியை முன்னிறுத்துவோம். கிருட்டிணகிரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். இந்நகரின் அலுவலகம் ஒன்றில் காவலர். கோணப்பன அக்ரஹாரத்தில் வாடகை அறையில் மூவரோடு வாழ்பவர். இவரைப் போன்ற தமிழர் ஓசூர்ச் சாலை நெடுகிலும் உளர். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதிவு பெற வேண்டும் என்பது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் நெறி. வாழ்க்கை அந்நெறியின்படி செல்வதில்லை. குடும்ப அட்டை, நிலம், பெற்றோர் என யாவும் சொந்த ஊரில் இருக்க, வாக்கும் அங்கேயே தங்கிவிடுகின்றது. அவர் பணிக்கு நடக்கும் தெருவின் வடிகாலை முடிவு செய்வோர்க்கு அவருடைய வாக்கு வேண்டியதில்லை. அவருடைய வாக்கை வேண்டுவோர் அவர் ஆண்டின் பெரும்பகுதி வாழாத தெருவை ஆள்வோர். இந்நிலையில் வாக்கினால் அவர் கண்ணுக்குத் தெரியும் பயன், வாக்களிக்கச் செல்லும் நாளில் வீட்டிற்கு வரும் பணமாகவே எஞ்சக்கூடும். அவரைப் பழிப்பதற்கு முன் இதனை எண்ணுதல் வேண்டும்.

நன்றியும் குறியெதிர்ப்பையும்

திருக்குறளின் ஈகை அதிகாரம் தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டை நிறுவுகின்றது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை. பிற கொடைகள் யாவும் குறியெதிர்ப்பையின் தன்மையன. குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, அவ்வளவிற்றாய்த் திருப்பித் தருவது என்பது பரிமேலழகர் உரையால் விளங்கும். அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி ஒரு படியே திருப்பித் தரும் வழக்கம் அது. அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆயின் அது ஈகையன்று. தேர்தல் பணம் பெரும்பாலும் வறியவர் வீட்டிற்கே செல்கின்றது. பெறுபவரின் வறுமையால் அது ஈகைபோல் தோன்றுகின்றது. கொடுப்பவரின் எதிர்பார்ப்பால் குறியெதிர்ப்பையாகின்றது. இவ்விரட்டைத் தோற்றமே அதன் வலிமை.

செய்ந்நன்றியறிதல் அதிகாரமும் இங்கு நோக்கற்பாலது. முன்னர்த் தாம் ஓர் உதவியும் செய்யாதிருக்கப் பிறர் செய்த உதவி, உரிய காலத்துச் செய்த உதவி, வரும் பயனை எடைபோடாமல் செய்த உதவி என அவ்வதிகாரம் நன்றிக்குரியவற்றை வரிசைப்படுத்தும். மூன்றாவதாகிய நிலைக்கல்லில் உரைத்தால் தேர்தல் பணம் நிற்பதில்லை. பயனை எடைபோட்டு, வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள தலைகளை எண்ணிக் கொடுக்கப்படுவது அது. எனவே முதியவரின் வினாவுக்கு விடை உண்டு: அவர் நன்றிக்கடன் பட்டவரல்லர். ஆனால் அவ்வினாவை எழுப்பிய உணர்வு உண்மையானது. அது தவறான பொருளின்மேல் படர்ந்துவிட்டது என்பதே குறை.

அவ்வுணர்வு இல்லையேல் இவ்வாணிகமே நடவாது என்பது வியப்பூட்டும் செய்தி. வாக்கு மறைவானது. பணம் கொடுத்தவர் தமக்கு வாக்கு விழுந்ததா என்பதைத் தனித்தனியே அறிய முடியாது. ஆகவே அவர் நம்பியிருப்பது வாக்காளரின் நேர்மையைத்தான். விளக்கின்மேலும் தெய்வப் படத்தின்மேலும் ஆணை கேட்கும் வழக்கம் இதனால் எழுந்ததே. சொன்ன சொல் தவறாதவர், உண்ட உப்பை மறவாதவர் ஆகியோரிடத்தில்தான் இம்முதலீடு பலன் தரும். ஒழுக்கமற்றவரிடத்தில் அது வீண். வாக்கை விலைக்கு வாங்குதல் மக்களின் ஒழுக்கக்கேட்டால் நிகழ்கின்றது என்று கூறுவோர் இதனைக் கருதவில்லை. ஓர் ஊரின் நற்பண்பையே அவ்வூருக்கு எதிராகத் திருப்புவது என்பதே இக்குற்றத்தின் கொடுமை.

வாக்கு மறைவாயிருத்தல் கூடாது என்று வாதிட்ட மெய்யியலாரும் உண்டு. ஜான் ஸ்டூவர்ட் மில் 1861இல் வெளியிட்ட பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில், வாக்கு ஒருவரின் உடைமையன்று, அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஆதலால் அதனைப் பலரறியவே ஆற்றுதல் வேண்டும் என்றார். இங்கிலாந்து அவர் கருத்தின் பிற்பகுதியை ஏற்காமல் 1872இல் மறைவாக்கைச் சட்டமாக்கியது. நம் நிலவுடைமைச் சூழலில் வெளிப்படையான வாக்கு என்னவாகியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் முற்பகுதி ஏற்கத்தக்கது. நம் மரபின் சொல்லால் கூறின், வாக்கு அடைக்கலப்பொருள். அடைக்கலமாகப் பெற்றதை விற்கும் உரிமை, எவ்வளவு வறுமையிலும், பெற்றவர்க்கு இல்லை. 'என் வாக்கு என் உரிமை, விற்றால் உமக்கென்ன?' என்னும் வாதம் இவ்விடத்தில் வலுவிழக்கின்றது.

இரு கட்சியாரிடமும் பணம் பெறுவோர் நிலை என்ன எனின், அங்குக் கடன் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றது; வாக்காளர் விரும்பியவாறே வாக்களிக்கலாம். அவ்வாறாயின் பணத்தால் தீங்கில்லை எனலாமோ? ஆகாது. பணத்தின் இரண்டாவது வேலை அங்கேதான் தொடங்குகின்றது. வென்றவரிடம் குடிநீர் பற்றிக் கேட்கச் சென்றால், 'காசு வாங்கித்தானே போட்டீர்கள்' என்னும் விடை காத்திருக்கும். வாக்களித்தவர்க்கும் வென்றவர்க்கும் இடையே ஐந்தாண்டு திறந்திருக்க வேண்டிய கணக்கு, வாக்களிக்கும் நாளுக்கு முன்னரே நேர்செய்யப்பட்டு மூடப்படுகின்றது. வெற்றியை வாங்குதல் பணத்தின் முதன்மைப் பயன் அன்று. 2014இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நந்தன் நிலேகனி பெங்களூரு தெற்கு மக்களவைத் தொகுதியில் ஏறத்தாழ 7,700 கோடி ரூபாய்க் குடும்பச் சொத்தை வெளிப்படையாக அறிவித்துப் போட்டியிட்டு, 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். செல்வம் தோற்கலாம். கேட்கும் உரிமையை முன்கூட்டியே தீர்த்துவிட்ட பணமோ, எவர் வென்றாலும் தோற்பதில்லை.

ஏலம்

தமிழகத்தில் பணப் பட்டுவாடாவின் காரணமாக 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்ச் சட்டமன்றத் தேர்தல்களும், 2017 ஏப்பிரலில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும், 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் நிறுத்தப்பட்டன. இவை நாடறிந்தவை. உள்ளாட்சியில் நிகழ்வதோ வேறொரு வடிவம். 2019 திசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தலின்போது, கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 இலட்சத்திற்கும் துணைத்தலைவர் பதவி 15 இலட்சத்திற்கும் ஏலம் போனதாகச் செய்திகள் வந்தன. கருநாடகத்திலும் 2020 திசம்பர் ஊராட்சித் தேர்தலில் இத்தகைய ஏலச் செய்திகள் எழுந்தன. இரு மாநிலத்திலும் சிற்றூர் ஊராட்சி அளவில் நிகழும் இத்தேர்தல்கள் கட்சிச் சின்னமின்றி நடப்பவை என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

ஏலத்திற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. பணம் கோயிலுக்கோ பொதுக்காரியத்திற்கோ செல்கின்றது, மறைவில்லை, பகையில்லை, ஊரே பயன்பெறுகின்றது என்பர். ஆனால் ஏலத்தில் விற்கப்படுவது ஏலத்திற்கு வந்தவர்களின் வாக்கு மட்டுமன்று. வாய் திறக்க இயலாத பெண்கள், சேரியில் வாழ்வோர், வெளியூரில் வேலை பார்ப்போர் என இசைவு தராதவர்களின் வாக்கும் அதில் அடங்கும். நம் காவலர் எலெக்ட்ரானிக் சிட்டியில் இரவுப் பணியில் இருக்கும்போதே அவருடைய வாக்கு ஊரில் விலைபோய்விடக்கூடும். தனியாகப் பணம் பெற்றவர்க்கு மறைப்புக்குப் பின்னே மனம் மாறும் உரிமையேனும் எஞ்சுகின்றது. ஏலம் போன ஊரில் அதுவும் இல்லை.

கேரளத்தின் கிழக்கம்பலத்தில் வேறொன்று நிகழ்ந்தது. கிடெக்ஸ் ஆடை நிறுவனத்தின் துணையோடு 2013இல் தோன்றிய டுவென்டி டுவென்டி என்னும் அமைப்பு, குறைந்த விலையில் உணவுப் பொருள் வழங்கியும் வீடு, சாலை முதலிய பணிகளைச் செய்தும் வந்து, 2015இல் ஊராட்சியின் 19 வார்டுகளுள் 17இல் வென்றது. இங்குத் தேர்தல் நாள் பணம் இல்லை. ஐந்தாண்டும் நீளும் கொடை உண்டு. பணி நடக்கின்றது என்பதை மறுக்க முடியாது. எனினும் கொடுப்பவரைக் கேள்வி கேட்டால் கொடை நின்றுவிடுமோ என்னும் எண்ணம் இருக்கும்வரை, கேட்கும் உரிமை குறுகியே நிற்கும்.

தேர்தல் இல்லா ஊர்

பணம் எங்கிருந்து வருகின்றது என்பதும் கருதத்தக்கது. சட்டமன்றத் தேர்தலில் பெரிய மாநிலங்களின் வேட்பாளர் செலவு வரம்பு 2022இல் 40 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்சிகளின் செலவுக்கோ வரம்பே இல்லை. நிலமதிப்பு ஏறிய நகர விளிம்பில் மனைப்பிரிவு, கட்டட அனுமதி, பட்டா போன்ற கத்தா, குப்பை ஒப்பந்தம் ஆகியவை உள்ளாட்சியின் கையில் இருப்பதால், அங்கு முதலிடுவோர் வேட்பாளரிடமும் முதலிடக் காரணம் உண்டு. தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றபோது, கொடுத்தவர் யார் என அறிதல் வாக்காளரின் உரிமை என்று கூறியது. 2025 ஆகத்தில் திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் தடத்தில் 'இன்ஃபோசிஸ் அறக்கட்டளை கோணப்பன அக்ரஹாரா', 'பயோகான் ஹெப்பகோடி' என நிலையப் பெயர்கள் உள்ளன. ஊர்ப்பெயருக்கு முன் நிறுவனப் பெயர் நிற்பது எனக்கு உவப்பானதன்று. ஆயினும் அக்கொடை தன் பெயரை மறைக்கவில்லை. பத்திரக் கொடையோ மக்களுக்குப் பெயரை மறைத்துப் பெறுபவர்க்கு மட்டும் அறிய விட்டது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமை என்னும் அடக்கம் அதுவன்று.

இனி, தேர்தலே இல்லாத எல்சிட்டாவுக்கு மீள்வோம். பணத்தின் கறை படியாத உள்ளாட்சி இதுதானே என்று கேட்கலாம். விடைக்கு உத்திரமேரூர் துணை செய்யும். முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஓலையைக் குடத்திலிட்டு எடுக்கும் முறையில் வாக்கு வேட்டைக்கு இடமில்லை, செலவழித்துப் பயனில்லை. ஆனால் குடத்தில் பெயர் இடப்படுவதற்கே வரி செலுத்தும் கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வேதப் புலமை உடையார்க்கு மட்டும் நிலத்தின் அளவு குறையும். பணம் வாசலிலே நின்று எவர் உள்ளே வரலாம் என்று முடிவு செய்தது. எல்சிட்டாவிலும் ஏறத்தாழ இதே நிலை. வரி செலுத்தும் நிறுவனங்கள் பேரவையில் இடம்பெறும்; பகலிரவாய் அவ்விடத்தைக் காக்கும் காவலர் இடம்பெறார். தேர்தல் பணம் இல்லாமை அங்குப் பணத்தின் தோல்வியன்று. தேர்தலைக் கடந்து பணம் அமர்ந்துவிட்ட நிலை.

அதே கல்வெட்டில் இன்னொரு விதி உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் குடவோலைக்கு உரியரல்லர். இன்றைய சட்டத்தில் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாதவர்க்கு மூன்றாண்டுத் தகுதி நீக்கம் உண்டு. உத்திரமேரூர் கேட்டது பதவிக்காலத்தின் கணக்கை. நாம் கேட்பது பதவிக்கு வருமுன் செய்த செலவின் கணக்கை.

நம் காவலர் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று எவரும் அவருக்கு அறிவுரை கூறத் தேவையில்லை. கொடுத்தவர்க்கு அவர் எதுவும் கடன்படவில்லை. கோணப்பன அக்ரஹாரத்தின் வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்க அவர் ஒருநாள் விண்ணப்பப் படிவம் நிரப்பினால், முகவரிச் சான்றுக்கு வீட்டு உரிமையாளரின் ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். அவரிடம் இருப்பதோ ஊரில் எடுத்த குடும்ப அட்டை.