குடும்ப வைத்தியரும் வைத்தியசாலை வாசலும்

தொழிலொன்றுக்கு ஆளைத் தெரிவு செய்கையில் அளவுகோலாக அமைய வேண்டியது ஆற்றலா, அவ்வாற்றலுக்கு இடப்பட்ட பெயரா? வினா பழையது, வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஐக்கிய அமெரிக்காவின் வைத்தியத் துறையில் இவ்வினா இன்று புதியதொரு வடிவில் எழுந்துள்ளது. மூன்றாண்டுப் பட்டப்பின் பயிற்சியை முடித்து, உள்நோயாளரைப் பராமரிக்கும் பணியை நாடும் குடும்ப வைத்தியரை ஏற்க நகரங்களின் பெரிய வைத்தியசாலைகள் பல தயங்குகின்றன. வளர்ந்தோர் நோய்களை மட்டுமே கற்ற உள்ளக வைத்தியரையே அவை விரும்புகின்றன.

குடும்ப வைத்தியம் அந்நாட்டில் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது 1969இல். நிபுணத்துவம் மனிதனைக் கூறு கூறாகப் பிரித்துவிட்டது என்ற குறைபாட்டுக்கு விடையாகவே அது தோன்றியது. குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்ற பேதமின்றி ஒரு குடும்பத்தை நெடுங்காலம் பேணுவது அதன் இலட்சியம். தம் நோயாளியை வைத்தியசாலையிலும் அவ்வைத்தியரே சென்று பார்ப்பது அன்றைய வழக்கம். காலப்போக்கில் அது தளர்ந்தது. வைத்தியசாலைக்குள்ளேயே முழுநேரமும் பணிபுரியும் வைத்தியருக்கு, வாக்டர், கோல்ட்மன் என்னும் இருவர் 1996இல் எழுதிய கட்டுரையொன்றில் ‘ஹொஸ்பிற்றலிஸ்ற்’ எனப் பெயரிட்டனர். பெயரோடு வேலியும் பிறந்தது எனலாம்.

வைத்தியசாலைகளின் வாதத்தைப் புறந்தள்ள முடியாது. விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரின் திறனையும் நேரிற் சோதிப்பது அரிது. எனவே பயிற்சியின் பெயரைத் திறனுக்கு அடையாளமாகக் கொள்கின்றனர். உள்ளக வைத்தியப் பயிற்சியில் விடுதிகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் கழியும் காலம் பொதுவாக அதிகம் என்பதும் உண்மையே. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் எச்சரிக்கை குற்றமாகாது.

ஆனால் இவ்வாதம் கிராமப்புற எல்லையை அடைந்ததும் மௌனமாகிவிடுகிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ் வகுக்கப்பட்ட, 25 படுக்கைகளுக்கு மேற்படாத சிறு வைத்தியசாலைகள் அந்நாட்டுக் கிராமங்களிற் பல உள்ளன. அவற்றில் குடும்ப வைத்தியர் மனமுவந்து ஏற்கப்படுகிறார். இதய நிபுணரோ சுவாச நிபுணரோ அருகில் இல்லாத இரவில் அவரே முடிவெடுக்கிறார். அங்கு அவர் தகுதியானவரெனின், ஆலோசனைக்குப் பலர் சூழ்ந்திருக்கும் நகரில் தகுதியற்றவராவது எங்ஙனம்? நகரில் தகுதியற்றவரெனின், கிராமத்தவனின் உயிரை மலிவாக மதித்தோம் என்பதன்றி வேறு பொருளுண்டோ? கடும் நோயாளர் கிராமத்திலிருந்து நகருக்கு மாற்றப்படுவதால் நகரின் சுமை வேறு என்பர். அதிற் பாதி நியாயமுண்டு. எனினும் யாரை மாற்றவேண்டும், எப்போது மாற்றவேண்டும் என்று தீர்மானிப்பதும் அத்தனிமனிதரின் திறனே அன்றோ?

ஆகவே, துறையின் பெயரையன்றி அவர் பெற்ற பயிற்சியை நோக்குவதே நேரியது. குடும்ப வைத்தியப் பயிற்சிக் களங்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் உள்நோயாளர் பராமரிப்பே பெரும்பகுதி. உள்ளக வைத்திய, குடும்ப வைத்தியச் சபைகள் இரண்டும் 2010இல் வைத்தியசாலைப் பணிக்கெனச் சிறப்பு அங்கீகாரமொன்றைத் தொடங்கின. அதுவோ, வைத்தியசாலையில் ஏற்கெனவே சில ஆண்டுகள் பணியாற்றியவர்க்கே உரியதாயிற்று. வாசலைக் கடந்தவனுக்குத்தான் வாசலின் திறப்பு!

மற்றொரு வினா அவ்வைத்தியரின் உள்ளத்துக்குரியது. ஏழு நாட் பணி, ஏழு நாள் ஓய்வு என்ற முறை அவ்வைத்தியசாலைகளிற் பரவலாக உண்டு. ஏழாம் நாள் மாலை நோயாளி வேறொருவர் கைக்கு மாறுகிறார். நெடுங்கால உறவையே இலட்சியமாகக் கற்றவர் இதனை ஏற்பது தன் துறைக்குத் துரோகமாகுமா? ஊதியம் பொதுவாக உயர்வென்பதும், கல்விக் கடன் அங்கு பெருஞ்சுமை என்பதும் மறைக்கத்தக்கன அல்ல; கடனாளியை நோக்கித் தியாகம் போதிப்பது எளிது. ஆயினும் என் கருத்தில் இதனைத் துரோகம் என்பது மிகை. வைத்தியன் குணப்படுத்துவது பொதுவான மனிதனையன்று, இன்ன பெயருடைய ஒருவனையே என்பதை அரிஸ்டோட்டில் சுட்டிக்காட்டினார். இன்ன பெயருடையவன், வீடு திரும்பியபின் மருந்து வாங்கப் பணமுள்ளவனா, இரவில் அவனைப் பார்க்க யாருண்டு என்று கேட்கும் பழக்கம் குடும்ப வைத்தியப் பயிற்சியில் ஊறியது. அக்கேள்வி மிகவும் தேவைப்படுவது, நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் துண்டில் வைத்தியர் ஒப்பமிடும் அந்தச் சில நிமிடங்களிலேயாம்.