எத்தனை அடி

அக்கினி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள். தம்பி மகள் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். ஒரு வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவில் வேலை. பையில் துணியைவிடப் புத்தகம் அதிகம். "லீவு முடியறதுக்குள்ள இதையெல்லாம் படிச்சுறணும் பெரியப்பா. நீங்க முப்பது வருஷம் விவசாயக் கடன் குடுத்தவரு. இதோட சேர்த்துப் படிக்க வேண்டியது ஏதும் இருந்தா சொல்லுங்க" என்றாள்.

உடனே சொல்ல எதுவும் வரவில்லை. அவள் தூங்கிய பிறகு கானமன் எழுதிய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’வை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தேன். காற்றே இல்லை. வேப்பம்பூ மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது.

*

கானமனும் ட்வெர்ஸ்கியும் சேர்ந்து 1979இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் மனிதர்கள் கைக்கு வந்ததைப் பத்திரப்படுத்திக்கொள்வார்கள். நஷ்டம் உறுதி என்று தெரிந்தாலோ, அதை ஏற்க மனமில்லாமல் அதைவிடப் பெரிய நஷ்டத்துக்கும் துணிவார்கள். கானமனுக்கு 2002இல் நோபல் கிடைத்தபோது ட்வெர்ஸ்கி உயிரோடு இல்லை.

அவர்கள் கேள்வித்தாள் கொடுத்துக் கண்டதை நான் அன்னவாசல் பக்கம் எங்கள் கொல்லையில் நின்று கண்டேன். 2013 கோடை. முந்தின வருஷம் மழை பொய்த்துக் கிணறு அடியோடு வற்றியிருந்தது. போர் போடுவது என்று முடிவாயிற்று. தண்ணீருக்குப் பாயிண்ட் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார். அது நிமிர்ந்து நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்தோம். முந்நூறு அடி என்று மனதுக்குள் கணக்கு வைத்திருந்தேன். எங்கும் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

ரிக் வண்டி இருட்டிய பிறகு வந்தது. ஒரு ராடு இருபது அடி. ஒவ்வொன்றும் இறங்கி முடிந்ததும் சத்தம் ஒரு நிமிஷம் அடங்கும். அடுத்த ராடை மாட்டுவார்கள். அந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லா முடிவும். குழியிலிருந்து சாம்பல் நிறத்தில் பாறைத்தூள் பறந்து, பக்கத்து எலுமிச்சைச் செடியெல்லாம் வெளுத்துப்போயிற்று. மச்சான் அந்தத் தூளைக் கைநிறைய அள்ளிப் பிடித்துப் பார்ப்பார். பிடித்தால் உதிரும். நானூற்று இருபதில் மட்டும் உதிராமல் கையில் நின்றது. "ஈரம் தட்டுது" என்றார். அந்த ஒரு பிடி மண்ணை நம்பி இன்னும் பதினாறு ராடு இறக்கினோம்.

எங்கள் பக்கம் கடும்பாறை. தண்ணீர் பாறையில் இல்லை, அதன் வெடிப்புகளில் இருக்கிறது. ஆழம் போகப் போக மேலேயுள்ள பாரம் வெடிப்புகளை இறுக்கிவிடுகிறது. நம்பிக்கை இப்படிக் குறைந்துகொண்டே போக, அடிக்கூலி நூறு அடிக்கு ஒரு தரம் ஏறிக்கொண்டே போகும். கடன் கேட்டு வந்த எத்தனையோ பேருக்கு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதை விளக்கியிருக்கிறேன். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு, "இவ்ளோ போட்டாச்சு, இன்னும் ரெண்டு ராடு எறக்கிப் பாப்போமே" என்றது என் வாய்தான். எழுநூற்று நாற்பதில் நின்றோம். கிளம்பும்போது ரிக் வண்டிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "வாயை மறக்காம மூடிருங்க சார்" என்றார்.

மறுநாள் காலையிலேயே மூடினேன். மூடாத குழி என்ன செய்யும் என்பதை 2019 தீபாவளியின்போது மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் நாடே விழித்திருந்து பார்த்தது. துணிந்தவர் ஒருவர், விழுந்தது எதையும் அறியாத இரண்டு வயதுப் பிள்ளை. தன் முடிவின் விலை யார் தலையில் விழும் என்ற கேள்விக்கு எந்தப் புத்தகமும் முதல் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

பொருளியலாளர் பிராங்க் நைட் 1921இலேயே பிரித்துச் சொல்லிவிட்டார்: எண்ணிப் பார்க்கக்கூடிய இடர் வேறு, எண்ணவே முடியாத நிச்சயமின்மை வேறு. என் காலடியில் வெடிப்பு இருக்கிறதா என்பது இரண்டாவது வகை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் போட்ட போர்களில் எத்தனையில் தண்ணீர் வந்தது என்பதை எண்ணியிருக்கலாமே. நான் எண்ணவில்லை. தண்ணீர் வந்த போரை ஊரே பேசும். வராததன் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டால் அதோடு பேச்சும் மூடிவிடும்.

*

அதிகாலையில் கவிநாட்டுக் கண்மாய்க் கரைக்கு நடந்தோம். உள்ளே பாளம் பாளமாக வெடித்த மண், ஆட்டுப் புழுக்கை, கருவேல நிழல். அவளுக்குக் கலிங்கு என்றால் என்னவென்று சொன்னேன். கண்மாய் வெட்டியவனுக்கு எந்த வருஷம் எவ்வளவு மழை வரும் என்று தெரியாது. தெரியாது என்பதைக் கல்லில் கட்டிவைத்தான். இந்த மட்டத்துக்கு மேல் வருகிற தண்ணீர் கரையை உடைக்காமல் அடுத்த கண்மாய்க்குப் போகட்டும் என்று ஒரு வாசல்.

பல கலிங்குகளின் மேல் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலம் ஓயும் தறுவாயில் அவற்றுக்கிடையே மண்ணும் புல்பத்தையும் வைத்து அடைத்துக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவார்கள். ஐப்பசியில் அடைக்கக் கூடாது. பெருமழை இன்னும் பாக்கியிருக்கும். எப்போது ஆசைப்படலாம், எவ்வளவு ஆசைப்படலாம் என்ற இரண்டையும் வானம் வெளுத்திருக்கும்போதே, ஊரார் கூடியிருக்கும்போதே முடிவுசெய்துவிட்டார்கள். வெள்ளம் வந்த ராத்திரியில் கரையில் நிற்பவனிடம் அந்த முடிவை விட்டுவைக்கவில்லை.

அவள் பையில் ஆனி டியூக் 2022இல் எழுதிய ‘குவிட்’ இருக்கிறது. 1996 மே மாதம் எவரெஸ்டில் எட்டுப் பேர் உயிரிழந்த சமயத்தில், குறித்த நேரத்துக்குள் உச்சியைத் தொட முடியாது என்று பாதிவழியில் திரும்பி உயிர் பிழைத்த மூன்று பேரைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை என்பதுதான் அவருக்கு வருத்தம். எனக்கும்.

*

ஞாயிறு. திருக்கோகர்ணத்தில் ஞானாலயா நூலகம். ஆசிரியப் பணியில் இருந்த கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தங்கள் வருமானத்தில் சேர்த்த நூல்கள், லட்சத்துக்கு மேல். நிறுத்துவதைப் பற்றியே நாலு நாளாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நிறுத்தாதவர்களின் வீட்டுக்குள் நுழைந்ததில் ஒரு தெளிவு. அவர்கள் செலவழித்தது அவர்களுடையது, வந்தது ஊருக்கு.

அவளுடைய பட்டியலில் நான் சேர்த்த முதல் வரி திருக்குறள். முழுதும் வேண்டாம், பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், அடுத்தடுத்து நாலு அதிகாரம். வரப்போகும் லாபத்தை எண்ணிக் கைமுதலை இழக்கும் வேலையை அறிவுள்ளவர் தொடங்கமாட்டார் என்பது ஓரிடம். மரத்தின் நுனிவரை ஏறியவன் அதையும் தாண்ட முனைந்தால் உயிர் போகும் என்பது மற்றோரிடம். அன்று ராத்திரி நான் ஏறிய மரம் தலைகீழாக நின்றது, அவ்வளவுதான்.

*

இரண்டாவதாக மொய் நோட்டு. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் மொய் விருந்து நடக்கும். பந்தலில் கறிச்சோறு, ஓரத்தில் மேசை போட்டு மொய்ப் பணம் வாங்கி எழுதுகிறவர்கள். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. வாங்கியவர் திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். ஒரு முறை விருந்து வைத்தவர் மறுபடி வைக்க வழக்கமாக ஐந்து வருஷம் பொறுக்க வேண்டும். அந்தப் பணம் போராகும், கல்யாணமாகும், கடையாகும். ஒருவர் விழும்போது மற்றவர்கள் நிற்கிறார்கள் என்பதே இதன் அடித்தளம்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் அந்த அடித்தளத்தையே ஆட்டியது. தென்னை, பலா, வாழை என்று பிரித்து வைத்திருந்த குடும்பங்கள் அவை. பயிர் வேறு வேறு. அடித்த காற்று ஒன்று. செய்ய வேண்டியவர், வாங்க வேண்டியவர் இருவர் தோப்பும் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. தென்னை மறுபடி காய்க்கப் பல வருஷமாகும். நோட்டில் எழுதிய கணக்கு அதுவரை பொறுக்குமா? அவள் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. அவள் வேலைபார்க்கும் பிரிவு அஞ்சுவதும் இதைத்தான்: எல்லாக் கடனும் ஒரே நாளில் விழுவது.

*

சாயங்காலம் பங்காளி மகன் மனைவியோடு வந்தான். வியாழக்கிழமை அவன் கொல்லையில் போர். நல்ல பையன், கடன் ஏற்கெனவே உண்டு.

"எத்தனை அடிப்பா?"

"தண்ணி வர்ற வரைக்கும் பெரியப்பா."

நான் அவன் மனைவியைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்த்தாள். நகை அடகில் இருப்பது அவளுக்குத்தானே தெரியும். எதுவும் பேசாமல் உள்ளே போய், தேதி கிழித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்துவந்து தம்பி மகளிடம் பேனா கேட்டாள். பின்பக்கத்தில் 350 என்று எழுதி, நாலாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வியாழக்கிழமை ராத்திரி நானும் அங்கே இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.