கூரையைப் பிரித்த நால்வர்



கப்பர்நாகும் ஊரில் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் கட்டிலோடு சுமந்து வந்ததை அர்ச். மாற்கு சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். வாசலை ஜனக்கூட்டம் அடைத்திருந்தது. அவர்களோ திரும்பிப் போகாமல், கூரையைப் பிரித்துச் சிநேகிதனைச் சேசுநாதர் முன் இறக்கினார்கள். அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு ஆண்டவர் இரங்கினார்.

நம் பங்கின் தோல் ஷாப்புத் தொழிலாளி ஒருவரை ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோயால் இழந்து துக்கித்திருக்கிறோம். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மடிந்துபோவதே இந்நோய். கைகால் தளரும்; பேச்சும் விழுங்குதலும் குன்றும்; கடைசியில் மூச்சும் ஒடுங்கும். அறிவோ பெரும்பாலோருக்குத் தெளிவாகவே இருக்கும். ஆகையால், பேசமாட்டாதவருக்கு ஒன்றும் விளங்காதென்று எண்ணாதேயுங்கள். பாவத்தின் தண்டனையென்றும் சொல்லாதேயுங்கள்; பிறவிக் குருடனைக் குறித்து அப்படி நினைத்த சீஷர்களை ஆண்டவர் திருத்தினாரே.

"தீராத நோய்க்கு ஆராய்ச்சி எதற்கு?" என்பீர்களோ? ஆராய்ச்சியும் கூரையை ஓடு ஓடாய்ப் பிரிக்கும் வேலைதான். 1869-ல் பிரான்சு தேசத்துச் சார்க்கோ இந்நோயை விவரித்தார். 1949-ல் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1970-ல் சென்னை மருத்துவர்கள், இளவயதினரைத் தாக்கிச் செவியையும் மந்தமாக்கும் இதன் இனநோய் ஒன்றை அறிவித்தார்கள். உலகம் அதை மதராஸ் நோய் என்றே அழைக்கிறது. 1993-ல் காரணமான மரபணுக் குறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. 1995-ல் ஆயுளைச் சில மாதம் நீட்டும் ரிலூசோல் மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2023-ல் அந்த மரபணுக் குறையுள்ள சிலருக்கென்றே டோஃபர்சென் என்னும் மருந்து அங்கே அனுமதிக்கப்பட்டது. பூரண சுகம் தரும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கூரையில் வெளிச்சம் தெரிகிறது.

கட்டிலுக்கு நான்கு மூலை உண்டு. ஒருவர் தவறாமல் போய்ப் பார்த்துப் பேசுங்கள். ஒருவர் இரவில் காவலிருந்து, நோயாளியின் மனைவி சற்றே கண்ணயரச் செய்யுங்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குத் துணை போங்கள். ஆராய்ச்சிக்கு இரத்தம் கேட்டால், விளங்கக் கேட்டு, மனமிசைந்தால் கொடுங்கள். ஒருவர் செபியுங்கள்.

நம் சிநேகிதர் உயிரோடிருக்கையில் அந்தக் கூரை திறக்கவில்லை. ஆயினும் அவரைச் சுமந்த தோள்கள் வீணாய்ச் சுமக்கவில்லை. லாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்ட ஆண்டவர் அவரைக் கைவிடமாட்டார். இன்றிரவு குடும்ப செபத்தில் அவர் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒரு பரலோக மந்திரமும், அறியாத தேசங்களில் ஓடு பிரிக்கும் மருத்துவர்களுக்காக ஓர் அருள்நிறை மந்திரமும் சொல்லுங்கள்.

ஆமென்.