நம்பாடுவான் செய்த சபதம்

தன் சொல்லைப் பிறர் நம்பாதபோதே மனிதன் ஸத்தியம் செய்யத் தொடங்குகிறான். பெற்ற தாயின்மேலும் பிள்ளையின்மேலும் ஆணையிட்டு, மறுநாளே மறந்துவிடுவாரை உலகில் நாள்தோறும் காண்கிறோம். மெய்யான சபதம் எத்தகையது என்பதை ஸ்ரீவராஹ புராணத்தில் வராஹப் பெருமான் பூமிப் பிராட்டிக்கு அருளிச்செய்த கைசிக மாஹாத்மியம் காட்டுகிறது.

உலகோர் தாழ்ந்ததென்று ஒதுக்கிய குலத்திலே தோன்றிய பரமபாகவதர் நம்பாடுவான். இரவுதோறும் திருக்குறுங்குடி நம்பியைப் பாடித் துயிலெழுப்புவது அவர் விரதம். கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசி இரவில், பசியால் வாடிய பிரம்மரக்ஷஸ் ஒன்று அவரை வழியிலே பற்றிக்கொண்டது. “நம்பியைப் பாடி விரதத்தை முடித்து வருகிறேன்; பிறகு இவ்வுடலை உண்பாயாக” என்றார். ரக்ஷஸ் நம்பவில்லை. திரும்பி வாராவிடில் இன்ன இன்ன பாபிகளின் கதியை அடைவேனாக என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சபதம் செய்தார். பதினேழுக்கும் அதன் பிடி தளரவில்லை. பதினெட்டாவதாக, “ஸர்வாந்தர்யாமியான நாராயணனையும் மற்றைத் தேவதைகளையும் ஸமமாக நினைப்பவன் பெறும் கதியைப் பெறுவேனாக” என்றார். அக்கணமே விடுவித்தது. முற்பிறவியில் வேள்வியிலே பிழைசெய்த ஸோமசர்மா என்னும் அந்தணனன்றோ அது! அச்சொல்லின் கனம் அதற்குத் தெரிந்திருந்தது போலும்.

பாடி முடித்துத் திரும்புகையில் நம்பியே கிழவனாய் எதிர்வந்து, உயிருக்கு ஆபத்தான இடத்திலே பொய் குற்றமாகாது என்றான். சாஸ்திரமும் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆயினும் நம்பாடுவான் நில்லாமல் ரக்ஷஸினிடம் விரைந்தார். அதுவோ உடலை வேண்டாது பாட்டின் பலனை யாசித்தது. கைசிகப் பண்ணின் பலனைப் பெற்றுச் சாபம் நீங்கியது.

ரக்ஷஸின் முன்னே நாராயணனைச் சொல்லி ஆணையிடலாம். அந்த நாராயணனிடமே மன்றாடுகிறவர் யாரைச் சொல்லி ஆணையிடுவது? திருவாய்மொழியின் இறுதிப் பதிகத்தில் நம்மாழ்வார், தம்மை இனியும் வஞ்சித்து அகலவொட்டாதபடி எம்பெருமானையே ஆணையிட்டுத் தடுக்கிறார். அவன் திருமார்பில் உறையும் பிராட்டியின்மேல் ஓர் ஆணை. பிறகு அவன்மேலேயே ஓர் ஆணை. இந்த வரிசை நோக்கத்தக்கது. பாரதப் போரில் ஆயுதம் எடேன் என்றவன், பீஷ்மருடைய வார்த்தை மெய்யாகும்பொருட்டுத் திருவாழியை ஏந்தி ஓடினானே! அடியாருக்காகத் தன் வார்த்தையையும் தவறவிடுகிறவன் அவன். பிராட்டியின்மேல் இட்ட ஆணையை எங்ஙனம் கடப்பான்? அப்பதிகம் முடிவதற்குள் ஆழ்வாருடைய அவா தீர்ந்தது.