தண்டமும் தராசும்

சட்டத்தின் முன் செல்வரும் வறியவரும் சமம் என்பர். அச்சமத்துவம் வாழ்க்கையில் எங்ஙனம் இயங்குகின்றது என்பதை நாம் உசாவுதல் வேண்டும்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பேர்குசன் என்றொரு சிறு நகர் உண்டு. 2014ஆம் ஆண்டில் அங்கே கறுப்பின இளைஞனொருவன் பொலிஸ்காரரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அதன் பின்னர் மத்திய நீதித் திணைக்களம் அந்நகரை ஆராய்ந்து, 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. நகரின் நீதிமன்று வருவாய் திரட்டும் கருவியாகவே இயங்கியதென அவ்வறிக்கை எடுத்துக்காட்டிற்று. நகர மக்களுள் கறுப்பினத்தவர் 67 வீதம். 2012 முதல் 2014 வரை கைதானோருள் அவர்கள் 93 வீதம்.

அவ்வறிக்கை கூறும் பெண்ணொருத்தியின் கதையை நோக்குவோம். 2007இல் அவள் வாகனத்தைத் தகாத இடத்தில் நிறுத்தினாள். தண்டம் 151 டொலரும் கட்டணங்களும். வறுமையாலும் வீடின்மையாலும் தவணைகள் தவறின. தவறுந்தோறும் பிடியாணையும் புதிய தண்டமும் பிறந்தன. அவள் கொணர்ந்த 25 டொலரையும் 50 டொலரையும் ‘முழுத் தொகையே வேண்டும்’ என நீதிமன்று திருப்பி அனுப்பியது. இருமுறை கைதாகி, ஆறு நாள் சிறையிருந்து, 550 டொலர் செலுத்திய பின்னரும், 2014 டிசம்பரில் அவள் தலையில் 541 டொலர் கடன் எஞ்சியிருந்தது.

குற்றம் செய்தவர் தண்டம் இறுத்தல் முறையன்றோ எனச் சிலர் வினவலாம். முறையே. ஆயின், வசதியுள்ளவருக்கு ஒருநாட் செலவாகும் தொகை வறியவருக்குச் சிறையாகுமெனின், இருவரும் பெற்றது ஒரே தண்டனையாகுமா? பல குற்றங்களுக்கு வருவாய்க்கேற்பத் தண்டம் விதிக்கும் முறையைப் பின்லாந்து 1921லேயே கைக்கொண்டது.

செலுத்த இயலாமை ஒன்றிற்காகவே ஒருவரைச் சிறையிலிடலாகாது என அமெரிக்க உயர் நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பு பேர்குசன் மக்களை ஏன் காக்கவில்லை? அதனை எடுத்துரைக்கச் சட்டத்தரணி வேண்டும். சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும். பாரிய குற்ற வழக்குகளில் வறியவருக்கு அரசே சட்டத்தரணியை அமர்த்தவேண்டுமென்ற உரிமையும் 1963இலேயே மாநிலங்களெங்கும் நிலைபெற்றது. அதுவும் புளோரிடாச் சிறைக் கைதியொருவர் தம் கைப்பட எழுதிய மனுவின் பயனே. சிறு வழக்குகளில் நிற்கும் எளியவர் பலருக்கு இன்றும் அத்துணை இல்லை.

அறிக்கையின் பின்னர், போக்குவரத்துத் தண்டங்களிலிருந்து நகரங்கள் பெறக்கூடிய வருவாயின் வரம்பை மிசூரி மாநிலம் 2015இல் இறுக்கியது. நன்று. எனினும், தண்டப்பணத்தில் உயிர்வாழும் நிறுவனமே தண்டனையையும் விதிக்கும் வரையில் தராசு நேர்நில்லாது. நீதிமன்றின் கணக்கைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அவ்வுரிமையை உணர்த்துவது கற்றோராகிய நம் கடன்.