வாசலில் நிற்பவர்கள்

போன ஐப்பசியில் பெரியம்மா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மயிலாடுதுறையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தார். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி படுக்கை நனைந்துவிட்டது. துணைக்கு நான் மட்டும்தான். கூப்பிட்டதும் வந்தவர் ஆண் செவிலியர், சின்ன வயசுப் பையன். "எங்க வீட்டுல இதெல்லாம் பழக்கமில்ல தம்பி. லேடி சிஸ்டர் யாராவது வரட்டும்" என்றேன். மறுபேச்சில்லாமல் போய்விட்டார். சிஸ்டர் வேறு வார்டில் இருந்தார். முக்கால் மணி நேரம் ஆனது.

நோயாளியின் பழக்கவழக்கத்தை அறிந்து மதிப்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதி என்பதை ஒரு துறையாகவே வளர்த்தவர் அமெரிக்கச் செவிலியர் மேடலின் லைனிங்கர். அதற்காகவே மானுடவியல் படித்தவர். அவர் பெயரைக் கேள்விப்படாத நம்மூர் சிஸ்டர்களுக்கும் இது கைவந்த கலைதான். ஆபரேஷனுக்கு முன் தாலியைக் கழற்ற வேண்டுமென்றால், மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டுப் பொன்னை மட்டும் எடுத்துக்கொள்ளும் சிஸ்டரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் முகம் தெளிந்ததையும் பார்த்தேன்.

ஆனால் பழக்கத்தை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஐடா ஸ்கடரின் வீட்டு வாசலில் வந்து நின்ற கதை பலருக்கும் தெரியும். பிராமணர் ஒருவர், முஸ்லிம் ஒருவர், இன்னொரு இந்து. மூவரின் மனைவியும் பிரசவ வேதனையில். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் தொடக்கூடாது. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா போய்ப் படித்துத் திரும்பினார். வேலூரில் 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. வழக்கத்தோடு மல்லுக்கட்டாமல், அதற்குள்ளேயே கதவு திறந்தவர் என்று அவரை மெச்சுகிறோம். சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. நமக்குச் சொல்லப்படும் கதையில் அந்த மூன்று பெண்கள் பேசிய ஒரு சொல்கூட இல்லை. வழக்கத்தைச் சொன்னதெல்லாம் வாசலில் நின்ற ஆண்கள்.

பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று இன்றும் சொல்லும் மாமியார்கள் உண்டு. அதுவும் பண்பாடுதான். தாகம் மட்டும் படுத்திருப்பவளுடையது. அவளே "வேண்டாம்" என்றால்? பயத்தில் சொல்கிறாளா, மனதாரச் சொல்கிறாளா? மாமியார் பக்கத்தில் நிற்கும்வரை எந்தச் செவிலியராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஃப்ளாஸ்க்கைக் கையில் கொடுத்து மாமியாரை வெந்நீர் வாங்க அனுப்பத் தெரிந்த சிஸ்டரைத்தான் நான் கெட்டிக்காரி என்பேன்.

அன்றிரவு பெரியம்மா கண்ணைத் திறந்து, "யாரா இருந்தா என்னடா, ஈரத்துல கெடக்க முடியல. அந்தப் புள்ளையவே கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து, "பாட்டி, நான் மாத்திவிடட்டுமா?" என்று கேட்டார்.

"மாத்துப்பா. மொதல்ல இவன வெளிய போகச் சொல்லு."